சுவரைப் பார்த்து நின்றவர்

வார்யாவின் அப்பாவுக்கு,

பீட்டர்ஸ்பர்க்கில் அக்கா வீட்டில் நலமாக இருக்கிறோம். ரிம்மா லவோவ்னா உங்கள் மகளைப் பார்த்துவிட்டார். பார்த்தார் என்பதுகூடத் தப்பு. ஐஸ் ஸ்கேட்டிங்கில் இத்தனை சாம்பியன்களை உருவாக்கிய அந்த அம்மாள், பிள்ளை குதிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறார். காதால்தான் எடைபோடுகிறார்!

வார்யா குதித்த தடவையெல்லாம் விழுந்தாள். ரிம்மா திரும்பாமலே கேட்டார்:

"ஏண்டி, எழும்புறதுக்கு முன்னால ஷூ நுனியால ஐஸை ஓங்கிக் குத்தணும்ல? நீ பூனை மாதிரி வைக்கிறே. வீட்ல யாரு முழிச்சிக்கக் கூடாதுன்னு இப்படி நடந்து பழகினே?"

நீங்கள் தூங்கும்போது நாங்கள் எப்படி நடப்போம் என்று நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. யாரிடமுமே சொன்னதில்லை. வார்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இங்க யாரும் தூங்கலடி கண்ணு. குத்து!"

குத்தினாள். அந்தச் சத்தம் அரங்கத்தின் கூரைவரை போய்த் திரும்பியது. காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்கி, விழாமல் சறுக்கிக்கொண்டே போனாள். அப்போதுதான் ரிம்மா திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை எங்களை அழைத்துப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம். வார்யா இப்போது கதவை அறைந்து சாத்துகிறாள். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது.

அவள் அம்மா