பக்க உதையில் ஒரு தாமதம்

குன்சான்
12 அக்டோபர் 2008

அன்புள்ள போ-ரா அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் கூடவே வந்த சி.டி.யும் கிடைத்தன. இங்கே நானும் மகளும் நலம். துறைமுகக் காற்றுதான் அவளிடம் சளியை விட்டுப் போயிருக்கிறது. மருந்து குடி என்றால், "உதைக்கிற அம்மாவுக்கு இருமுற பொண்ணு, பொருத்தந்தானே" என்கிறாள்.

டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகள் தினமும் உங்களைக் கேட்கிறார்கள். "மாஸ்டர் கனடாலேர்ந்து எப்ப வருவாரு? நீங்க ரொம்பக் கத்துறீங்க!" ஏப்ரலில் வருவார், மாவட்டப் போட்டியில் நாங்கள் இருவரும் ஜோடியாக இறங்குவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாக்குத் தவறாதீர்கள்.

சி.டி.யில் நீங்கள் தனியாக நின்று கோர்யோ அசைவு வரிசையைச் செய்து காட்டியதைச் சேர்ந்து பார்த்தோம். உங்கள் பக்க உதை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் முழங்காலை நெஞ்சருகே இழுத்த அதே வேகத்தில் ஊன்றிய கால் திரும்பும், குதிகால் எதிராளியின் முகத்துக்குப் போய்விடும். இப்போது முழங்காலை இழுத்தபின் ஒரு கணம் நிற்கிறீர்கள். பிறகுதான் உதை, அதுவும் நெஞ்சு உயரத்துக்கு. "அப்பா டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறாரு" என்று போ-ரா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் வலியா? மறைக்காமல் எழுதுங்கள். ஞாயிறு போனுக்குக் காத்திருந்தோம், அதுவும் வரவில்லை.

உங்கள்
யோன்-ஓக்

*

டொராண்டோ
3 நவம்பர் 2008

அன்பு யோன்-ஓக்,

வலியும் இல்லை, வியாதியும் இல்லை. எதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது உன் குணம்.

இங்கே எல்லாரும் அந்த மற்றப் பாணிக்காரர்கள். நம் சின்ன வயதில், வட கொரியாவோடு தொடர்புடையது என்று பெயரைச் சொல்லவே பெரியவர்கள் பயந்தார்களே, அந்தப் பாணி. உதைக்கு முன் உடம்பு அலைபோலத் தாழ்ந்து எழ வேண்டும் என்பார்கள். முகம் வரை போக வேண்டியதில்லை, பாதத்தின் வெளி விளிம்பு கத்திபோல இறங்கினால் போதும். உதைக்கும் கால் மேலே கையும் நீளும். பகலெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தால் என் உடம்பிலும் ஒட்டிக்கொள்ளாதா? நீ பார்த்த தாமதம் அதுதான். பாணி வித்தியாசம், வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு செயல்விளக்கக் குழு பயிற்சி செய்கிறது. அதனால்தான் பேச முடிவதில்லை. ஏப்ரலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போ-ராவிடம் சளி மருந்தைக் குடிக்கச் சொல், நான் சொன்னதாக.

மான்-ஷிக்

*

குன்சான்
7 டிசம்பர் 2008

அன்புள்ள போ-ரா அப்பாவுக்கு,

குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டாயிற்று. அக்கா வந்து உதவினாள். "உன் புருஷன் இருந்தா முட்டைக்கோஸ் மூட்டையத் தூக்குவான். அதுக்காவது அவன் வேணும்டி" என்று உங்களை நினைத்துக்கொண்டாள்.

உங்கள் கடிதத்தை நம்பினேன். நம்பியதால்தான் அந்தப் பாணியைக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. நீங்கள் மாறியிருந்தால் நானும் மாற வேண்டும், ஜோடி என்றால் அதுதானே. ஜியோன்ஜுவில் பெக் என்ற மாஸ்டர் இருக்கிறார், கனடாவில் பல வருடம் அதைப் பயின்றவர். அவரிடம் போனேன். உதைத்துக் காட்டினார். நீங்கள் எழுதிய எல்லாமே அதில் இருந்தன. அலை இருந்தது, கத்தி விளிம்பு இருந்தது, நீண்ட கை இருந்தது. தாமதம் மட்டும் இல்லை.

கேட்டேன். "நிக்கிறதா? நிக்கவே மாட்டோம்மா. தாழ்ந்து எழுந்தா உதை போயிருக்கணும். நடுவுல நின்னா எங்க மாஸ்டர் முதுகுலயே போடுவாரு" என்றார். கொண்டுபோயிருந்த சி.டி.யைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எங்க பாணியும் இல்ல, உங்க பாணியும் இல்ல. ஜோடியாப் பழகுறவரு. பக்கத்துல நிக்கிறவங்க கொஞ்சம் மெதுவு போல, அவங்களுக்காகக் காலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு." சொன்னபின்தான் என் முகத்தைப் பார்த்தார். தேநீர் கொண்டுவருவதாக எழுந்து உள்ளே போனவர், வெகுநேரம் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாததை எழுதவில்லை. பக்கவாட்டில் உதைக்கும்போது பார்வை இலக்கில் இருக்கும், ஜோடியைப் பார்க்க முடியாது. சீருடையின் துணி விசிறும் சத்தத்தைக் கேட்டுத்தான் சேர்ந்துகொள்வோம். நம் இருவரில் வேகம் என்னுடையது. இத்தனை வருடமும் உங்களுக்காகக் காத்து நின்றவள் நான். நீங்கள் எனக்காகக் காத்து நிற்க வேண்டி வந்ததே இல்லை.

வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள். நம்பத் தயாராகத்தான் இருக்கிறேன்.

உங்கள்
யோன்-ஓக்

*

டொராண்டோ
19 ஜனவரி 2009

யோன்-ஓக்,

கடிதத்தில் இதற்கு என்ன எழுதுவது? ஏப்ரலில் வந்து உன் பக்கத்தில் நின்று உதைக்கிறேன். பழைய மாதிரியே உதைக்கிறேன். அப்போது நீயே பார்.

மான்-ஷிக்

*

குன்சான்
26 ஏப்ரல் 2009

போ-ராவின் அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மகளிடம் சொன்னீர்களாம். நல்லது.

போட்டியன்று நடந்ததை நாம் இருவரும் பேசவில்லை. எழுதிவிடுகிறேன். கோர்யோ வரிசையில் வலப்பக்க உதை முதலில் வந்தது. முழங்காலுக்குப் போகும் தாழ்வான உதை இருவருக்கும் ஒன்றாகப் போயிற்று. காலைத் தரையில் வைக்காமல் மடித்து இழுத்து, முகத்துக்கு உதைத்தேன். உங்கள் துணிச் சத்தம் வரவில்லை. நான் காலை மடக்கும்போதுதான் வந்தது. நடுவர்கள் குனிந்து எழுதினார்கள். பழைய மாதிரி உதைக்கத்தான் நினைத்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊருக்கு வந்த மறுநாளே விடிகாலையில் கூடத்தில் நீங்கள் தனியாகப் பழகியதைக் கதவருகே நின்று பார்த்தேன். உடம்பு உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

பிறகு திரும்பி, இடப்பக்கம். அங்கே முழங்காலை இழுத்து நானும் நின்றேன். சி.டி.யைப் பார்த்துப் பார்த்து அந்தத் தாமதம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. பின்பு நெஞ்சு உயரத்துக்கு உதைத்தேன். இரண்டு துணியும் ஒரே சத்தமாக விசிறின. அரங்கம் கைதட்டியது.

போ-ரா ஓடிவந்து, "அம்மா, அந்த ரெண்டாவது உதை! ஒரே ஆள் உதைச்ச மாதிரி இருந்துச்சும்மா!" என்று கட்டிக்கொண்டாள். நீங்களும் சிரித்தீர்கள். ஊருக்கு வந்தபின் உங்கள் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

பேருந்து நிலையத்தில் கேட்டேன்: "அவ பேரு என்ன?"

"பஸ் வந்துருச்சு, பைய எடு" என்றீர்கள்.

பேருந்து வரவில்லை. பையை எடுத்து உங்கள் காலடியில் வைத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து நாம் அவ்வளவு ஒன்றாக உதைத்ததில்லை. அவள் உயரத்தில், அவள் வேகத்தில் நான் உதைத்ததால் வந்த ஒற்றுமை அது. ஒரு உதைக்கு அவள் இடத்தில் நின்றுவிட்டேன். மிச்ச வாழ்க்கைக்கும் அங்கேயே நிற்க என்னால் ஆகாது.

டிசம்பரில் வருவதாகச் சொன்னீர்கள். எனக்காக வர வேண்டாம். மகளைப் பார்க்க வந்தால் அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள், அக்காவிடம் சொல்லிவிட்டேன். கோபப்பட்டாள், பிறகு உங்களுக்கு மெத்தை எடுத்து வெயிலில் போட வேண்டும் என்றாள்.

அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்லுங்கள். ஊன்றிய காலின் குதிகால் இன்னும் இலக்குப் பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பாததால்தான் இடுப்புத் திறக்காமல் உதை உயரவும் இல்லை, நேரத்துக்கு வரவும் இல்லை. நான் அவளைப் பார்த்ததில்லை. உங்கள் தாமதத்தை வைத்துச் சொல்கிறேன். அதைத் திருத்திக்கொண்டால், நீங்கள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

யோன்-ஓக்