நடுவில் இரண்டு, சுற்றிலும் ஒன்பது ஜோடி

3-3-1978
மழை. கொழுந்துக் கூடை நனைந்து முதுகை முறித்தது. அப்பா இறந்து இரண்டு மாதமாகிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவராவது இருந்தால்தான் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீடு நிலைக்கும். அம்மாவின் விரல்கள் மடங்குவதில்லை. அதனால் என் பேரைக் கொடுத்தேன். பினாங்குப் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் வரை லீவு சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டில் நான் போய்விட்டால் அம்மா எங்கே இருப்பாள்?

9-3
பினாங்கிலிருந்து பேராசிரியர் என் படங்களை அனுப்பிவிட்டார். எலக்ட்ரான் நுண்நோக்கியில் எடுத்தவை. கடற்பாறையில் ஒட்டியிருக்கும் இரண்டு வகைத் தொப்பி நத்தைகள். ஓட்டைப் பார்த்தால் கூடப்பிறந்தவை. விந்தணு வேறு கதை சொல்கிறது. ஒன்றுக்குக் குட்டைத் தலை. மற்றதற்கு நீண்டு திருகிய தலை. வால் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: குறுக்கே வெட்டினால் நடுவில் இரண்டு குழல், சுற்றிலும் ஒன்பது ஜோடி. வாலில் உறவு தெரியாது.

திருகிய தலை — எங்கோ பார்த்திருக்கிறேனே?

10-3
பாடப்புத்தகத்தில், தோட்டத்து நத்தையின் விந்தணு! அம்மாவின் கோஸ் பாத்தியை மொட்டையடிக்கிறதே, அதுதான். பாறையில் பக்கத்தில் இருப்பது உறவில்லை. மலையில் கோஸ் தின்கிறது உறவு! ஆனால் உடலுக்குள் கருச்சேரும் இனங்களுக்குத் தலை எப்படியும் நீளும். நடுத்துண்டையும் வெட்டிப் பார்த்தால்தான் உறுதி. அதற்குப் பினாங்கு போகவேண்டும்.

யாரிடம் சொல்வது? 'விந்தணு' என்று இந்த லயத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அம்மாவுக்கு நான் படிப்பது 'சங்கு ஆராய்ச்சி'.

2-4
பக்கத்து வீட்டுத் தங்கம்மா அத்தை சம்பந்தம் கொண்டுவந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிங்காரம்.

"கிராணி வீட்டுக்குப் போனா ஒங்கம்மாவும் கூடவே இருந்துக்கலாம்லா."

"என் படிப்பு?"

"கல்யாணம் ஆனப்பறம் பினாங்கு எதுக்குடி?"

9-4
இன்று பெண் பார்க்க வந்தார்கள்.

காலையில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் விந்தணு வாலின் குறுக்குவெட்டு! அரிசி மாவில், ஒரு புள்ளி பிசகாமல்.

"ஒன் படத்துல இருந்துச்சு. பூ மாதிரி இருந்துச்சா, போட்டுட்டேன்" என்றாள் அம்மா. துக்க வீட்டில் கோலம் கூடாது என்பதையும் மீறி, மடங்காத விரல்களால் போட்டிருக்கிறாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

சிங்காரத்தின் அம்மா வடிவம்மாள் அதை மிதிக்காமல் சுற்றி வந்தார். "புதுசா இருக்கே, என்னா கோலம்?"

"எம்மக படிப்புங்க" என்று அம்மா பெருமையாக என்னைக் காட்டினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். நான் தப்பித்திருப்பேன். அம்மா மாவு ஒட்டிய விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"கடல் பூங்க" என்றேன்.

10-4
கடல் பூன்னு ஏன்டி சொன்ன? ஏன்?

21-8
படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன், வேறு யாராவது தொடரட்டும் என்று. சிங்காரம்தான் தபாலாபீசுக்குக் கொண்டுபோனார். கல்யாணமாகி ஆறு வாரத்தில் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

பொங்கல், 1984
அம்மா எங்கள் வீட்டில் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை, அதனால் எங்களுக்குப் பண்டிகை இல்லை. வாசல் வெறுமையாக இருக்கிறது. லயத்துப் பக்கம் நடந்தேன். வாசலுக்கு வாசல் அம்மாவின் கோலம். 'கடல் பூ' என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

கொழுந்து பறிக்கும் பாஞ்சாலையின் வாசலில் எட்டு ஜோடிதான் இருந்தது.

"ஒண்ணு கொறையுது" என்றேன்.

"பூவுக்கு எத்தன எதழ் இருந்தா என்னாக்கா?"

துக்க வீட்டுக்காரி கோலத்தைத் தொடக்கூடாதுதான். அவள் கிண்ணத்திலிருந்து மாவெடுத்து, குனிந்து, ஒன்பதாவதை வைத்தேன்.