பன்னிரண்டாவது கேள்வி

அப்பா,

இன்று காலை பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோயில் வாசலில் உங்கள் மேசைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். மணமகன், மணமகள் என்று நீங்கள் எழுதி ஒட்டிய இரண்டு தடித்த ஃபைல்களைக் காணோம். ஒரு லேப்டாப் இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "சாரோட பொண்ணுதானே? உங்களுக்குப் பதிவு பண்ணியாச்சா?" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எடுத்த எடுப்பில் பெண்ணிடமே கேட்கிறாரே, இவர் எங்கே வரன் பார்த்து உருப்படப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தால் முதலில் எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் போயிருப்பீர்கள்.

வாரம் முழுக்கப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிறானால் பங்கு மக்களுக்கு வரன் பார்க்கிறவர். அதற்குச் சம்பளமும் இல்லை, அப்படி ஒன்றும் நல்ல பெயரும் இல்லை. இருந்தும் ஏன் அப்படி அலைந்தீர்கள்? ஒருமுறை என்னையும் சிந்தாதிரிப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி நின்று, இஸ்திரி போடும் அம்மாவிடம் பச்சை கேட் வீட்டுப் பையனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தீர்கள்.

"பையன் தங்கம் சார். அவங்கம்மாவுக்குதான் வாய் ஜாஸ்தி. தெருவே காதைப் பொத்திக்கினு கீது" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து ஃபைலில் 'தாயார் கலகலப்பானவர்' என்று எழுதினீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பொய்யா எழுதியிருக்கேன்? படிக்கிறவனுக்குப் புரியும்" என்று முறைத்தீர்கள்.

அப்படிப்பட்டவர் முன்னால்தான், என் பதினைந்தாவது வயதில், நியூசிலாந்துப் பள்ளி ஒன்றில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றேன். இரண்டு வருடப் படிப்பு. விடுதி கிடையாது, அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்க வேண்டும். அம்மா நான் நான்காவது படிக்கும்போதே போய்விட்டாள். மந்தைவெளி வீட்டில் நீங்களும் நானும்தான். போகாதே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வீட்ட விசாரிக்கணும்" என்று மட்டும் சொன்னீர்கள். திருப்தியானால் கையெழுத்து, இல்லையென்றால் கிடையாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்கு உங்கள் சம்மதம் போயாக வேண்டும்.

"அந்த ஊர்ல இஸ்திரிக்காரன் ஒருத்தன்கூடவா இல்ல?"

"அவங்கவங்களே போட்டுக்குவாங்கப்பா."

"அப்போ யாரத்தான் கேக்கறது?"

உங்கள் முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. ஜெராக்ஸ் கடைக் கணினியில் அந்தத் தெருவின் படத்தை வரவழைக்கச் சொன்னீர்கள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "செருப்பெல்லாம் வாசல்லதான் கெடக்கு, பரவால்ல" என்றீர்கள்.

பிள்ளையைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குப் பெற்றோர் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பள்ளி கேட்டிருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்கு ஒரு பெண்ணை அறிமுகப்படுத்த உங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஜெராக்ஸ் கடை அண்ணன் இரண்டு வரி அடித்ததுமே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், பாப்பாவுக்கு அதுக்குள்ள மாப்ள பாக்கறியா?"

"மாப்ள இல்லய்யா, வீடு பாக்கறேன். நீ அடி."

நிறம்: மாநிறம். தாயார்: இறைவனிடம். தாய்மாமன்கள்: இருவர், நல்ல நிலையில். சமையல்: வெந்நீர் வைப்பாள். எதிர்பார்ப்பு: அமைதியான, குடிப்பழக்கம் இல்லாத குடும்பம். எல்லாம் ஆங்கிலத்தில். அதற்கும் கீழே எண் போட்டுக் கேள்விகள். வீட்டில் முதலில் எழுவது யார்? அதிகம் கோபப்படுவது யார்? நாய் யாரையாவது கடித்திருக்கிறதா, கடித்திருந்தால் யாரை? எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மானத்த வாங்கறீங்கப்பா. படிச்சிட்டு சிரிக்கப் போறாங்க. சீட்டே போயிடும்."

"சிரிக்கட்டுமே. சிரிக்கிற வீடுன்னாவது தெரிஞ்சிக்கலாம்ல."

பதினோரு கேள்வி ஆனதும், "போய் மூணு டீ சொல்லிட்டு வா" என்று என்னை அனுப்பினீர்கள். நான் திரும்பி வருவதற்குள் மெயில் போய்விட்டது.

அதன்பின் ஆறு நாள் சத்தமே இல்லை. தினமும் வேலை முடிந்து அந்தக் கடையில் எட்டிப் பார்த்தீர்கள். "உன் சம்பந்தி இன்னும் பதில் போடல சார்" என்று அண்ணன் கிண்டலடிப்பார். இரண்டு நாள் உங்களோடு நான் பேசவேயில்லை. எல்லாம் உங்களால் கெட்டது என்று தலையணையைக் குத்திக்கொண்டு கிடந்தேன். நீங்கள் அந்த ஆறு நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? பதில் வரக்கூடாது என்றுகூட நினைத்தீர்களா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வியாழன் மாலை பதில் வந்தது. ஹெலன் என்ற அந்த வீட்டு அம்மா ஒன்றுவிடாமல் எண் போட்டு எழுதியிருந்தார். கடைவாசலில் நின்றபடியே அச்செடுத்த தாளை உரக்கப் படித்து எனக்குத் தமிழில் சொன்னீர்கள். முதலில் எழுவது நாய். கோபம் கணவருக்கு, விளையாட்டுப் போட்டி பார்க்கும்போது மட்டும். நாய் ஒரே ஒருமுறை கடித்திருக்கிறது, கடிபட்டவர் நாத்தனார், நாயை யாரும் திட்டவில்லை. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பதினொன்றை முடித்துவிட்டு, மீதியை வாய்க்குள்ளேயே படித்தீர்கள். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

"இன்னும் ஏதோ இருக்கேப்பா?"

"அது எனக்கு. நீ போய்ட்டு வாம்மா."

போனேன். கீழ்த்தளத்தில் எனக்கு ஓர் அறை, பக்கத்து அறையில் ஹெலனும் அவர் கணவரும். முதல் மாதம் உங்களிடம் போனில் "சூப்பரா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்து அழுவேன். ஒவ்வொரு முறையும் ஹெலன் சூடான பாலோடு வந்து நிற்பார். இந்த அம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிடுமோ என்று நினைப்பேன். இதை உங்களிடம் நான் சொன்னதேயில்லை.

படிப்பு முடிந்து திரும்பி வந்தேன், இங்கேயே கல்லூரி, வேலை. போன வருடம் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். என் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்து, உங்கள் அறைச் சுவரை ஒட்டிப் போட்டேன்.

"ஏம்மா, உள்ள ஃபேன் ஓடலியா?"

"இங்கதாம்பா போன் சிக்னல் நல்லா கெடைக்குது."

என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். ஊரையே விசாரிக்கிறவர், அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டீர்கள். எனக்கு அதுவே புதிதாக இருந்தது.

நீங்கள் இறந்த முப்பதாம் நாள் பூசையன்று ஹெலன் போனில் கூப்பிட்டார். உங்கள் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறாராம். கடைசிக் கேள்வி என்ன என்று கேட்டேன். படித்துக் காட்டினார். 'அவள் அறைக்குப் பக்கத்து அறையில் படுப்பது யார்? என் மகள் யார் முன்னாலும் அழமாட்டாள். கேட்கிற தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.'

அப்போது பக்கத்து அறையில் இருந்தவை பழைய சாமான்கள்தானாம். யாருமில்லை என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. பொய் எழுதவும் வரவில்லை. இரண்டு பேருமாக அறையைக் காலி செய்து, மாடியிலிருந்து தங்கள் கட்டிலை இறக்கியிருக்கிறார்கள். அது படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டு, ஆள் வந்து கழற்றி, மறுபடி பூட்டி, ஆறு நாள் ஆகிவிட்டது. கட்டில் உள்ளே போன பிறகுதான் உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதினாராம்.

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன் அப்பா. சிக்னல் கதையை நீங்கள் ஏன் விசாரிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போதெல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளை யாராவது வெளியூருக்குப் படிக்கப் போகிறது என்றால், பக்கத்து அறையில் யார் என்று கேட்டுவிடுகிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

என் கட்டில் இன்னும் உங்கள் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. பக்கத்து அறையில் யாருமில்லை. நகர்த்த மனம் வரவில்லை.