பாப்பா சொன்ன சாட்சி

மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையாலும் கொசுக்களின் அனுமதியோடும் நலமாக இருக்கிறேன். முகாமுக்கு வந்த அன்றே எங்கள் செல்போன்களை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். காய்கறி வண்டி ஊருக்குத் திரும்பும்போதுதான் கடிதமும் போகும். அதனால் நீங்களும் சோம்பல் படாமல் பேனாவைத் தேடி எடுங்கள்.

போன வருடம்வரை இங்கே வந்து வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பாட்டுப் பாடிவிட்டுப் போனவள் இப்போது தொண்டர். கழுத்தில் விசில் வேறு. என் அறையில் எட்டு வாண்டுகள். ஒருத்திக்குத் தலை நிறையப் பேன். இன்னொருத்தி நனைந்த படுக்கையைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்கிறாள். சடை பின்னுவது, மூக்குத் துடைப்பது, சண்டை விலக்குவது எல்லாம் நான்தான். உங்கள் பள்ளி வேனில் முன் சீட்டுக்கு அடம்பிடிக்கும் மைனாவும் என் அறையில்தான் இருக்கிறாள். டிரைவர் அங்கிள் மாதிரி யாருக்கும் ஹாரன் அடிக்கத் தெரியாதாம். முகாம் முழுக்க உங்கள் புகழ் பாடுகிறாள்.

ஒரே கவலை, சாட்சி. மாலைக் கூட்டத்தில் தினம் ஒரு தொண்டர் மேடையேறி, ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல வேண்டும். ஒரு அண்ணன் விபத்தில் பிழைத்ததைச் சொன்னான். ஒரு அக்கா தீராத வியாதி தீர்ந்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாம் அழுதுவிட்டார்கள். எனக்கு என்ன இருக்கிறது? ஒரு காய்ச்சல்கூட ஒழுங்காக வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என் முறை. ஏதாவது யோசனை சொல்லுங்கள்.

உங்கள்
பாப்பா


மே 8

என் விசில்காரிக்கு,

உன் கடிதத்தை அம்மா திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, பேன் சீப்பைப் பார்சல் கட்டச் சொல்கிறாள். நீ வாங்கி வந்துவிடுவாய் என்று அவளுக்கு இப்போதே தலை அரிக்கிறது.

பள்ளிக்கு லீவு என்றாலும் எனக்கு வேலை குறையவில்லை. வேனைக் கழுவி, சீட்டுக் கிழிசலைத் தைத்து, ஹாரனைக்கூடக் கழற்றித் துடைத்தேன். முன் சீட்டு பத்திரமாக இருக்கிறது என்று மைனாவிடம் சொல்.

சாட்சிக்கா இவ்வளவு கவலை? விபத்தும் வியாதியும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு நன்றி சொல்ல ஒன்றுமே இல்லையா? அதையே சொல். கைதட்டல் குறைவாக விழும், விழட்டுமே. எதைச் சொன்னாலும் உன்னுடையதைச் சொல் பாப்பா. இரவல் சட்டை எங்கேயாவது இறுக்கிப் பிடிக்கும்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நேற்றே சாட்சி சொல்லி முடித்துவிட்டேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

உங்களைப் பற்றித்தான் சொன்னேன். பழைய ஊரில் இருந்தபோது நீங்கள் குடித்தது, நானும் அம்மாவும் முழங்காலில் நின்று ஜெபித்தது, ஒருநாள் நீங்கள் அதை அடியோடு விட்டது. நம் போதகரைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது என்பது நினைவில் இருந்தது. அதனால் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "என் அப்பா" என்று மட்டும்தான் சொன்னேன்.

முதலில் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அப்போதுதான் ஒரு மழைநாள் கதை வாயில் வந்துவிட்டது. குடித்துவிட்டு நீங்கள் வண்டி ஓட்டியதாகவும், பின்சீட்டில் நான் கண்ணை மூடி ஜெபித்ததாகவும் சொன்னேன். அப்படி நடக்கவில்லைதான். ஆனால் அப்படிச் சொன்னால்தானே கேட்பவர்களுக்கு உறைக்கிறது? கூடம் அப்படியே அடங்கிவிட்டது. முகாம் தலைவி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சனிக்கிழமை பெற்றோர் வரும்போது மறுபடி சொல்லச் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது அப்பா. உங்களால்தான்.

உங்கள்
பாப்பா


மே 17

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏன் பதில் இல்லை? இரண்டு தடவை காய்கறி வண்டி வந்து போய்விட்டது. ஓட்டுநரிடம் நச்சரித்ததில் அவர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார்.

நேற்றுப் பெற்றோர் முன்னால் சாட்சி சொன்னேன். இறங்கியதும் மைனா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவங்கதான் நம்ம டிரைவர் அங்கிளோட பொண்ணு" என்று பெருமையாகச் சொன்னாள். முகாம் முடிய நாள் கிடக்கும்போதே அவள் அம்மா அவளைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் செருப்பு ஒன்று இங்கேயே கிடக்கிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

பாப்பா


மே 20

அன்பு மகளுக்கு,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கேட்டதால் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளி மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மைனாவின் அம்மாவும் வேறு சில பெற்றோரும் அங்கே இருந்தார்கள். முன்பு குடித்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பெத்த புள்ளய பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு, குடிச்சிட்டு வண்டி ஓட்டினது உண்மையா?" என்று மட்டும் கேட்டார்.

உனக்குத் தெரியும். பாட்டிலைத் தொடும் முன்னால் வண்டிச் சாவியை உன் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். அந்தக் கேடுகெட்ட நாட்களில் என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஒழுங்கு அதுதான். ஒருநாளும் அதில் தவறவில்லை.

"உண்மைதான்" என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டவர் பெயரைச் சொல்லி, சபை நடுவில் நீ பேசிய பேச்சு. அது பொய் என்று பெற்றவனே சொன்னால், நாளைக்கு உன் வார்த்தையை எவன் நம்புவான்? என் வார்த்தை ஏற்கெனவே அடிபட்டது. இன்னொரு அடியைத் தாங்கும். அங்கேயே வேன் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நீ பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள். சாப்பாட்டைத் தள்ளாதே.

அப்பா


மே 23

அப்பா,

நீங்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாட்டைத் தள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

நேற்று நானாகவே மேடை கேட்டு ஏறினேன். என் அப்பா குடித்துவிட்டு ஒருநாளும் வண்டியைத் தொட்டதில்லை, முதலில் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுவார், கேட்பவர்கள் அழ வேண்டும் என்பதற்காக நான் பொய் சொன்னேன், அந்தப் பொய்யால் அவர் வேலை போய்விட்டது என்று சொன்னேன். பிறகு கைதட்டினார்கள் அப்பா. தலைவி அக்கா கட்டிப்பிடித்து, முதல் சாட்சியைவிட இதுதான் பெரிய சாட்சி என்றார். கடைசி நாள் பெற்றோர் முன்னால் இதையும் சொல்லச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அருவருப்பாக இருந்தது.

மேலாளருக்கும் மைனாவின் அம்மாவுக்கும் உண்மையை எழுதிப் போட்டுவிட்டேன். வேன் திரும்பக் கிடைக்கும் இல்லையா?

முப்பதாம் தேதி முகாம் முடிகிறது. அழைத்துப்போக நீங்களே வாருங்கள். பேருந்தில் வந்தாலும் சரி. மன்னியுங்கள் என்று இந்தத் தாளில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நேரில் கேட்கிறேன்.

பாப்பா


மே 26

அன்பு மகளுக்கு,

மேலாளர் உன் கடிதத்தை என்னிடம் காட்டினார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால், "உங்க பொண்ணு முதல்ல சொன்னத நம்புறதா, அப்புறம் சொன்னத நம்புறதா?" என்று கேட்டார். வேனுக்குப் புது ஓட்டுநர் வந்துவிட்டார். ஹாரன் கொஞ்சம் இழுக்கும், பார்த்து அழுத்துங்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது டயர் கடையில் வேலை. பஞ்சர் ஒட்டுகிறேன். கை முழுக்கக் கருப்பு. வாசற்படியில் நிற்கவைத்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அம்மா உள்ளே விடுகிறாள்.

உன்னை அழைத்துவர அம்மா பேருந்தில் வருவாள். எனக்குக் கடையில் லீவு இல்லை என்று எழுதலாம், ஆனால் அது சாக்கு. அந்த வாசலில் கூடும் பெற்றோர்கள் முகத்தில் விழிக்க இன்னும் மனம் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கவும்தான். கொஞ்ச நாள் ஆகும் பாப்பா. நீ வரும்போது நான் கடையில் இருப்பேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். மைனாவின் செருப்பை மறக்காமல் எடுத்து வா, கொடுத்துவிடலாம்.

மன்னிப்பை நேரில் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டாம். உன் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே மன்னித்துவிட்டேன்.

இதை மட்டும் எந்த மேடையிலும் சொல்லிவிடாதே.

அப்பா