காலாங்கில் உன் அம்மா ஐஸைத் தொட்டது

சேசு மரி சூசை

ரோவல் ரோடு, சிங்கப்பூர்
19.2.1984, ஞாயிறு

அன்பு மகள் ரூபிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும், ஜனவரியில் ஐஸில் வழுக்கி விழுந்து சுளுக்கிக்கொண்ட உன் வலது மணிக்கட்டும் சுகம்தானா என்று அறிய ஆசை. உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லலாமென்று பார்த்தேன், ஆனால் ஸ்டேடியத்தில் இந்த மாதம் பெரிய ஆட்டமே இல்லை, ஏழாம் நம்பர் கேட்டில் நானும் ஒரு பூனையும்தான் டியூட்டி பார்க்கிறோம். உண்மையான காரணம் நீ எனக்கென்று தனியாக வைத்திருந்த அந்த இரண்டாவது தாள். செப்டம்பரில் நர்ஸ் படிப்பு முடிந்ததும் பிரசவம் பார்க்கும் படிப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இடம் கிடைத்திருக்கிறது, மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், அம்மா மனதாரச் சரி என்றால்தான் போடுவேன், இல்லையென்றால் பிளேன் ஏறிவிடுவேன், நீங்கள் பக்குவமாகக் கேட்டுச் சொல்லுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். வழக்கம்போல உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், நீ விழுந்ததையும் பஸ் நிறுத்தத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி உன்னைத் தூக்கி ஆஸ்பத்திரிவரை கைபிடித்துக் கூட்டிப்போனதையும் வாசித்தேன், இரண்டாவது தாளை மட்டும் மடித்து யூனிபார்ம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிக்கெட் இல்லாமல் வருகிறவன் எத்தனை பெரிய ஆளானாலும் பத்து வருடமாகத் திருப்பி அனுப்புகிறவன் நான். வெளியில் புலி, வீட்டில் எலி என்று நீயே சொல்வாய், அது சரிதான்.

நீ விழுந்த செய்தி கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்கு ஐஸைப் பற்றித்தான் பேச்சு. கல்போல இருக்குமா, கண்ணாடிபோல இருக்குமா, அதன்மேல் பிள்ளை எப்படி நடக்கிறாள் என்று சமைக்கும்போதும் கேள்வி, ஜெபமாலைக்கு நடுவிலும் கேள்வி. பிரிட்ஜில் இருக்கிறதே, எடுத்துப் பாரேன் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, நேரிலேயே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். நீ போனபிறகு ஸ்டேடியம் இருக்கும் காலாங் வட்டாரமே மாறிவிட்டது ரூபி. அப்போது ஸ்டேடியம் பக்கத்தில் ராட்டினப் பார்க்கும் தண்ணீர்மேல் கட்டிய சாப்பாட்டுக் கடையும்தான் பேர்சொல்ல இருந்தன. இப்போது பௌலிங் என்ன, சினிமா என்ன, துணிக்கடை என்ன, ஒரு பந்தாட்டம்கூடப் பார்க்காத ஜனமெல்லாம் சனி ஞாயிறில் அங்கேதான். முன்பெல்லாம் நம் பக்கம் தோற்றால் கூட்டம் தலையைத் தொங்கப்போட்டு பஸ்ஸுக்குப் போகும், இனிமேல் பக்கத்தில் நுழைந்து வயிறு நிறையச் சாப்பிட்டு மறந்துவிடும். அங்கேதான் ஐஸ்மேல் சறுக்கும் இடமும் இருக்கிறது. கீழ்வீட்டுக் கதீஜாவின் மகள் ஆயிஷா அங்கே வருகிறவர்களுக்குக் காலில் மாட்டச் சறுக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறாள், அவள்தான் போன சனிக்கிழமை எங்களைச் சும்மா பார்க்க உள்ளே விட்டாள்.

உன் அம்மா பட்டுச்சேலைமேல் உன்னுடைய பழைய ஸ்கூல் கார்டிகனைப் போட்டுக்கொண்டு வந்தாள், பட்டன் எட்டவில்லை. வாசலில் விற்ற சிவப்புக் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டாள். உள்ளே போனதும் அவள் வாயிலிருந்து புகை வந்தது, ரூபிக்கும் இப்படித்தான் வருமா என்று கேட்டாள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாளே தவிர கையை நீட்டவில்லை. அப்போது ஒரு சீனப் பெண், பன்னிரண்டு வயதிருக்கும், எங்கள் எதிரிலேயே விழுந்தாள். உன்னைப் போலவே வலது கையை ஊன்றி விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. நான் யாரையாவது கூப்பிடலாமென்று திரும்பினேன், அதற்குள் உன் அம்மா கம்பி இடைவெளி வழியாக, தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ரப்பர் செருப்போடு, ஐஸில் இறங்கிவிட்டாள். ஒருவன் விசில் ஊதுகிறான், விசில் ஊதியே பிழைக்கிற எனக்குக்கூட அது உறைக்கவில்லை. இரண்டு அடி நடந்தாள், மூன்றாவது அடி உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்ச் சேர்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். அந்தப் பிள்ளையின் கை ஐஸ்மேல் கிடந்தது, அதற்கும் ஐஸுக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஆயிஷா வந்து தூக்கும்வரை எடுக்கவில்லை. எலும்பு ஒன்றும் உடையவில்லை, ஒன்னும் இல்ல லா மாமி, வெறும் சுளுக்குத்தான் என்று ஆயிஷா சொன்னபிறகுதான் எழுந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அழுதாள். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். ரோச்சோர் தாண்டிய பிறகுதான் சொன்னாள். நீ சாங்கியில் பிளேன் ஏறிய அன்றே, பிள்ளை குளிர்நாட்டுக்குப் போகிறாள், அவள் நல்லபடியாகத் திரும்பி வரும்வரை ஐஸைக் கையாலும் தொடமாட்டேன் வாயிலும் வைக்கமாட்டேன் என்று ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் என்றால் உயிரை விடுகிறவள், இந்த ஊர் வெயிலில் இரண்டரை வருடம். பல் கூசுகிறது என்று அவள் சொன்னதை நம்பி நான் பல் டாக்டருக்குக்கூட நாள் வாங்கினேன். இப்போது நேர்ச்சை முறிந்துவிட்டது, உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்கு நடுக்கம். நான் கேட் காவல்காரன் இல்லையா, சட்டம் பேசினேன், கையுறை போட்டிருந்தாயே, அது தொட்ட கணக்கில் வராது என்றேன். கழட்டிட்டுத்தானே தொட்டேன், உறையோட பிடிச்சா புள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு எப்படித் தெரியும் என்றாள்.

இன்று பூசை முடிந்ததும் பாதர் அற்புதராஜிடம் போய் நின்றோம். அவர் சிரிக்கவில்லை. பிறத்தியார் பிள்ளைக்கு இரங்கி முறிந்ததை மாதா கோபிக்க மாட்டாள் அம்மா, மனது ஆறவில்லை என்றால் வேறொன்று நேர்ந்துகொள்ளுங்கள், மாற்றிக் கொடுக்கிறேன், ஒன்பது நாள் மெழுகுதிரி ஏற்றுங்கள் என்றார். அது சுலபமா இருக்கு சாமி, ஈடாகாது என்றாள் உன் அம்மா. பிறகு சொன்னாள், இனிமே எம் பொண்ண எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு கேக்க மாட்டேன் சாமி, அந்த ரெண்டு வருசத்தையும் அவ படிச்சு முடிக்கட்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைப் பையில் வைத்தபடியே நான் சட்டையைத் துவைக்கப் போட்டிருக்கிறேன். அவள் எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்து, மடித்து, தேய்த்த சட்டையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். நாலு வாரமாக நான் அவளுக்கு மறைக்கிறேன், அவள் எனக்கு மறைக்கிறாள்.

ஆகவே நீ கையெழுத்துப் போடு. சம்மதம் மனதாரத்தான், பாதர் சாட்சி. பாதர் நேர்ச்சையை மாற்றிக் கொடுத்ததும் கோயிலிலிருந்து நேராகத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கிண்ணம் ஐஸ் கச்சாங் சாப்பிட்டாள், பல் கூசவே இல்லை. சிவப்புக் கையுறையைப் பார்சலில் அனுப்புகிறேன், கூடவே இறால் சம்பல் இரண்டு போத்தல், ஒன்று உன்னைத் தூக்கிவிட்ட அந்தக் கிழவிக்கு, கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளச் சொல். ஐஸில் சின்ன அடியாக வைத்து நட. ஞாயிறு பூசையை விடாதே, ராத்திரி டியூட்டி முடிந்து பட்டினியாகப் படுக்காதே.

இதுவரை ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் எப்போது வருவாய் என்று உன் அம்மா சொல்ல நான் எழுதுவேன். இனி அந்த வரி வராது. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே, அவள் நேர்ச்சை காக்கிறாள். இப்போதுகூட எதிரில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள். உன் நெற்றியில் நாங்கள் இருவரும் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறோம், ஆண்டவர் உன் கையையும் காலையும் காப்பாராக.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நேர்ச்சை உன் அம்மாவுடையது. நான் யாருக்கும் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. அதனால் நான் கேட்கிறேன், எப்போது வருவாய் ரூபி?

உன் அன்பு அப்பா,
லாசரஸ்