ஒட்டு நாடா சுற்றிய மூங்கில் வாள்

ஒக்காயாமா, சித்திரை கடைசி

பக்கத்து வீட்டுக்காரிக்கு,

நாலு வருஷம் பள்ளிக்கூடம் போனவளின் எழுத்து இது. சிரிக்காமல் படி.

மத்தியானம் சுமிரே மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பாட்டி, நவோ கண்ணுக்கட்ட அவுத்துட்டாங்க! சின்ன எழுத்தெல்லாம் படிச்சிட்டாளாம்!" உன் பேத்தியின் கண் தப்பியது என்றதும் பீச் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளில் இன்றுதான் சோறு இறங்கியது.

நவோவுக்குக் கண்ணில் அடிபட்ட அன்று வாள்பயிற்சிக் கூடத்து வாசலில் நீ சுமிரேயிடம் கத்தினாய். "வாள்ல சிராய் இருக்கான்னு பாக்காமயா எறங்குவ? ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" அவள் தலைகுனிந்து, "நான்தான் சரியாப் பாக்கல" என்றாள். ஆசிரியர் அவளைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சுமிரேயின் வாளில் ஒரு மூங்கில் பட்டை முந்தின நாளே விரிசல் விட்டிருந்தது. பீச் கன்றுக்கு நாடா சுற்றி ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்த நான், அதே நாடாவை வாளிலும் இறுக்கிச் சுற்றி, "சரி பண்ணிட்டேன், எடுத்துட்டுப் போ" என்று கொடுத்தேன். உயிருள்ள கிளை சேர்ந்துகொள்ளும். வெட்டிக் காய்ந்த மூங்கில் எப்படிச் சேரும்? அடி விழுந்ததும் அது பிளந்து, நவோவின் முகக்கவசக் கம்பிக்குள் சிராய் பாய்ந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் பிள்ளை பழியை ஏற்றுக்கொண்டாள்.

நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் என் முதல் ஒட்டுக்கன்று பட்டுப்போனபோது நீ வேலியோரம் நின்று சிரித்தாய். அதனால்தான் அன்று உன்னிடம் இன்னொரு முறை தலைகுனிய மனம் வரவில்லை.

நாளைக் காலை ஆசிரியரிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் நீ வந்து என்னைத் திட்டு. சுமிரே காதில் விழும்படி சத்தமாகத் திட்டு.

இப்படிக்கு,
அவளுடைய பாட்டி