சீவலப்பேரிக்கு ஒரு ‘ரி’

6.7.98, திங்கள்

கிளினிக்குக்கு லேசர் மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் தூசி தட்டுவதுதான் மிச்சம். இன்று பல் டாக்டர்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், டார்ச் லைட் அடித்தால் ஈறு அறுந்துவிடுமாமே என்று என்னைக் கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். எனக்கு வந்ததே கோபம்! மெட்ராஸ் வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தவள் நான். அங்கே வாயை மூடிக்கொண்டு வடையைத் தின்றேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

9.7.98, வியாழன்

கடைவாய்ப் பல் வலி என்று கண்ணன் என்பவன் வந்தான். சீவலப்பேரிக்காரன், இருபத்துமூன்று வயது, தனியார் டவுன் பஸ்ஸில் புதுக் கண்டக்டர். சொத்தையை அடைக்க வாயைத் திறந்தால் நாக்கின் அடிச்சவ்வு நுனிவரை ஒட்டிக் கிடக்கிறது. நாக்கு மேலே எழும்பவே இல்லை. ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னேன், ‘வாயப்பயம்’ என்றான். ‘ர’ அறவே இல்லை. சொந்த ஊரே அவன் வாயில் ‘சீவலப்பேயி’.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸைக் கண்டதும் ‘பேயி வருது, பேயி வருது’ என்று கத்துகிறார்களாம். பஸ் முதலாளி ஆடி முடியும்வரை பார்ப்பாராம். ஆவணி பிறந்தும் ஊர்ப் பேர் விளங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தச் சவ்வை அறுத்துவிட்டால் நாக்கு எழும்பும் என்றேன். அவனுக்குக் கத்தி என்றால் பயம். தையல் போட்டால் லீவு, லீவு போட்டால் வேலை போச்சு. எனக்குக் கை பரபரத்தது. லேசரில் ரத்தம் அதிகம் வராது, தையல் வேண்டாம், மறுநாளே பஸ் ஏறலாம் என்றேன்.

“லேசாத்தானம்மா? அப்போ செய்யுங்க” என்றான். அவனுக்கு லேசரும் லேசும் ஒன்றுதான்.

13.7.98, திங்கள்

முடித்துவிட்டேன்!

மரத்துப்போக ஒரு ஊசி. எனக்கு, அவனுக்கு, என் நர்ஸ் உலகம்மாளுக்கு என்று மூன்று பச்சைக் கண்ணாடி. அதைப் போட்டதும் உலகம்மாள் புல்லட் ஓட்டுகிறவள் மாதிரி நின்றாள். அறுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கொஞ்சம் கருகின வாடை, பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். நாக்கு எழுந்து மேலண்ணத்தைத் தொட்டது. என் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. பெருமைதான், இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும்?

14.7.98

காலை முதல் டிரிப்புக்கே போய்விட்டானாம்.

27.7.98, திங்கள்

புண் ஆறிவிட்டது. ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னேன். ‘வாளப்பளம்’ என்றான். மறுபடி — வாளப்பளம். மறுபடி — வாளப்பளம்.

பாதிதான் அறுத்திருக்கேனா? அடியில இன்னும் ஒட்டு இருக்கோ? வியாழக்கிழமை வா, இன்னொரு தடவை போட்டுடலாம்னு சொல்லிட்டேன். அவன் முகம் சுண்டிப்போச்சு. அந்தப் பெரியவர் கேட்டதுதான் சரியோ? டார்ச் லைட்தானோ இது? சோறு இறங்கலை.

30.7.98, வியாழன்

கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மெஷினைப் போடப் போனேன். உலகம்மாள் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

“எதுக்கும்மா திரும்ப அறுக்கிய? நானே வாளப்பளம்னுதான் சொல்லுதேன். பாளை மார்க்கெட்ல யாருக்கும்மா அந்த எழுத்து வருது? மார்க்கெட்டுக்கே லேசர் வைப்பியளா?”

அவனுடைய நாக்கைத் தூக்கி நன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். துளி ஒட்டு இல்லை. முதல் நாளே வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது. காலேஜில் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊர் நாக்கை அளக்கப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஆழமாகப் போயிருந்தால் நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அறுந்திருக்கும். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

ஊர்ப் பேரைச் சொல்லச் சொன்னேன், இன்னும் ‘சீவலப்பேயி’தான். உண்மையில் வராதது ‘ர’ ஒன்றுதான். அதற்குக் கருவி வேண்டாம், பழக்கம் போதும். நாக்கு நுனியை அண்ணத்தில் வைத்து ‘ர்ர்ர்’ என்று தினமும் நூறு தடவை.

8.8.98, சனி

ஓடும் பஸ்ஸிலேயே ‘ர்ர்ர்’ பழகுகிறானாம். டிரைவர் கியர்பாக்ஸ் போச்சு என்று இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தாராம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ‘டிரைவர்’ சுத்தமாக வருகிறது. ‘பேரி’ மட்டும் அவசரத்தில் பேயியாகிவிடுகிறது. ஆவணிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது.

18.8.98, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. கண்ணனிடமிருந்து தகவலே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. முதல் பேஷண்டைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, உலகம்மாளைக் கூட்டிக்கொண்டு எதிரே பாளை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

சீவலப்பேரி வண்டி நின்றது. படியில் தோள்பையோடு நின்றது கண்ணனேதான். எங்களை அவன் பார்க்கவில்லை.

“சீவலப்பேரி, பேரி, பேரி, பேரி!”

கூட்டம் தன்பாட்டுக்கு ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறினார்கள், ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. உலகம்மாள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கூடையோடு ஏறின ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு அவனை ஏசினாள்.

“ஒருக்கா சொன்னாக் காணாதாலே? நாங்க என்ன செவிடா?”